மதுவிலக்கு என்றால் என்ன? சென்னை மாகாணத்தில் அது எங்கே தொடங்கியது?

மதுவிலக்கு என்பது சாராயம், கள் முதலியவற்றைத் தயாரிப்பதையும் விற்பதையும் சட்டம் போட்டுத் தடுப்பது. காரணம் எளிது: கூலி வீட்டுக்கு வருமுன் கடையில் கரைந்துவிடுகிறது, அடுப்பு எரிவதில்லை.

கொங்கு மண்ணுக்கு இதில் தனி இடம் உண்டு. 1921இல் ஈரோட்டில் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் சகோதரி கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலில் முன்னே நின்றார்கள். சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதலில் வந்ததும் சேலம் மாவட்டத்தில்தான். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி கொண்டுவந்தார். அரசுக்கு வருமானம் குறையவே 1939இல் விற்பனை வரி வந்தது. இன்று நாம் கட்டும் வரியின் வேர் அங்கே இருக்கிறது! மரமேறிகளின் பிழைப்பு போனது பெரிய அடி. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். அதனால் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சச் சொன்னார்கள்.

காலிங்கராயன் வாய்க்காலில் மடையை மட்டும் அடைத்தால் தண்ணீர் கரையை உடைக்கும்; மதுவுக்குத் தடை மட்டும் போட்டாலும் அப்படித்தான். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது அதுதான் நடந்தது: கள்ளச்சந்தை கொழுத்தது. தமிழ்நாட்டில் 1971இல் தடையைத் தளர்த்தினார்கள், பிறகு மீண்டும் போட்டார்கள், மீண்டும் எடுத்தார்கள்.

இந்தியா முழுக்க ஒருகாலத்தில் மதுவிலக்கு இருந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, அரசியலமைப்பின் 47ஆவது பிரிவு வழிகாட்டுகிறது, முடிவெடுப்பது அந்தந்த மாநிலம்.