பத்து டாலர் பாக்கி

கேள்வி: அமெரிக்காவில் 1934-ல் தொடங்கிய ‘சயின்ஸ் ஃபிக்‌ஷன் லீக்’ என்ற ரசிகர் சங்கம் இரண்டு வருடம்கூட உருப்படியாக நடக்கவில்லையே. அறிவியல் புனைகதை ரசிகர்களுக்கு ஒற்றுமை வராது என்பதற்கு இதுதானே சாட்சி?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: இல்லை. பழியைத் தப்பான ஆள் தலையில் போடுகிறீர்கள்.

ஒன்றுசேரத் துடித்தவர்களே ரசிகர்கள்தான். ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் 1926-ல் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ என்ற அறிவியல் புனைகதைப் பத்திரிகையைத் தொடங்கி, வாசகர் கடிதங்களை முகவரியோடு அச்சிட்டார். அதைப் பார்த்து ஒருவருக்கொருவர் கடிதம் போட்டுத்தான் பழகினார்கள். அது அவர் செய்த பெரிய உபகாரம், மறுக்க மாட்டேன். அப்புறம் ‘வொண்டர் ஸ்டோரீஸ்’ என்ற இன்னொரு பத்திரிகை நடத்தும்போது லீக்கை அறிவித்தார். சட்டையில் குத்திக்கொள்ள பேட்ஜ், லீக் பெயர் போட்ட கடிதத்தாள், ஊருக்கு ஊர் கிளை, பத்திரிகையில் தனிப்பகுதி. ஆனால் நிர்வாகிகளை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. கெர்ன்ஸ்பேக்கே நியமித்தார்.

அதே பத்திரிகையில் 1934 ஜனவரியில் டொனால்ட் வோல்ஹைம் என்ற 19 வயதுப் பையனின் முதல் கதை வந்தது. சன்மானம் 10 டாலர். பணம் வரவில்லை. மற்ற எழுத்தாளர்களை விசாரித்தால் அவர்களில் சிலருக்கும் பாக்கி. சேர்ந்து வக்கீல் வைத்தார்கள். கோர்ட்டுக்கு வெளியே 75 டாலருக்கு முடிந்தது. 1935-ல் வோல்ஹைமையும் அவருடைய நண்பர்கள் இருவரையும் லீக்கைவிட்டே நீக்கினார்கள்.

இதையா ஒற்றுமைக் குறைவு என்கிறீர்கள்? எழுதிய கதைக்குக் கூலி கேட்டவனைச் சண்டைக்காரன் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கதை அச்சாகிக் கடையில் தொங்கும்போது, எழுதியவன் தினமும் தபால்காரரின் கையைப் பார்த்து நிற்பது எவ்வளவு கொடுமை என்று பத்திரிகை நடத்துகிற எனக்குத் தெரியும். வாசகனைச் சந்தாதாரனாக மட்டும் பார்த்தவரின் சங்கம், 1936-ல் பத்திரிகை கைமாறியதும் பெயரளவுக்குத்தான் மிஞ்சியது.

கிளைகள் கதை வேறு. இங்கிலாந்தில் லீட்ஸ் கிளைக்காரர்கள் 1937 ஜனவரியில் யாரையும் எதிர்பார்க்காமல் தாங்களே மாநாடு கூட்டினார்கள். லாஸ் ஏஞ்சலஸில் இருந்தது 4-ஆம் எண் கிளை. லீக் போனபிறகும் அவர்கள் கலையவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு தனிச் சங்கமானார்கள். வாராவாரம் வியாழக்கிழமை கூடுகிறார்கள், இன்றைக்கும்.