வேலைக்குத் திரும்பும் அம்மாவுக்கு எந்த பம்ப், எந்த பாட்டில்?

ஏற்காட்டில் வீடு, சேலத்தில் ஆபீஸ், ஐந்து மாதக் குழந்தை என்று எழுதி, தாய்ப்பால் எடுக்க எந்த பம்ப், புகட்ட எந்த பாட்டில் என்று கேட்டிருக்கிறீர்கள். தினமும் பல மணி நேரம் பிரிந்திருப்பதால், இரண்டு மார்பிலும் ஒரே நேரத்தில் பால் எடுக்கும், சார்ஜ் செய்து பயன்படுத்தும் மின் பம்ப்பே வாங்குங்கள். எப்போதாவது எடுப்பவருக்குத்தான் கைப்பம்ப் போதும்.

விலையைவிட முக்கியம், மார்பில் வைக்கும் புனலின் அளவு. காம்பின் குறுக்களவை மில்லிமீட்டரில் அளந்து அதற்கேற்றதை எடுங்கள். வலித்தால் புனல் பொருந்தவில்லை, அல்லது இழுவிசை அதிகம். பொறுத்துக்கொள்ள வேண்டாம்மா.

எடுத்த பால் 25 டிகிரி வரையில் 4 மணி நேரம் தாங்கும். ஏற்காட்டுக் குளிருக்குச் சரி. சேலத்துச் சித்திரை வெயிலுக்கு அந்தக் கணக்கு செல்லாது. ஆபீஸ் ஃபிரிட்ஜில் வையுங்கள். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வீடு சேரும்வரை ஐஸ் பேக் வைத்த பையில் இருக்கட்டும். வீட்டு ஃபிரிட்ஜில் 4 நாள் வைக்கலாம். வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துச் சூடாக்குங்கள், மைக்ரோவேவ் கூடவே கூடாது.

பாட்டில் என்றால் கண்ணாடியோ ஸ்டீலோ, மெதுவாகச் சொட்டும் நிப்பிளோடு. பால்புட்டிக்கு விளம்பரம் செய்வதையே நம் நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது, காரணமில்லாமல் இல்லை. நான் சொல்வது பாலாடைதான், அதாவது மூக்கு வைத்த சின்னக் கிண்ணம். பாட்டி சங்கில் புகட்டிய அதே முறை. இடுக்கு இல்லாததால் கழுவுவதும் கொதிக்க வைப்பதும் சுலபம். வேலைக்குச் சேர இரண்டு வாரம் முன்பே வீட்டில் பார்த்துக்கொள்பவர் குழந்தையை இதற்குப் பழக்க ஆரம்பிக்கட்டும்.