பழுக்கப் போட்ட மாங்காயில் கரும்புள்ளி: மருந்தா, வெந்நீரா?

கேள்வி: குடியாத்தம் பக்கம் 3 ஏக்கரில் பங்கனப்பள்ளி இருக்கிறது. பறிக்கும்போது காய் பளபளவென்று இருக்கிறது. பழுக்கப் போட்ட ஐந்தாறு நாளில் கரும்புள்ளி விழுந்து, ஒன்றோடொன்று சேர்ந்து அழுகுகிறது. பூஞ்சை மருந்துத் தண்ணீரில் முக்கலாமா?

பதில்: வேண்டாம். நாலு நாளில் வாய்க்குப் போகிற பழம் அது. வெந்நீரே போதும்.

இது ஆந்த்ராக்னோஸ் என்கிற பூஞ்சை நோய். பூஞ்சை உங்கள் குடோனில் வந்ததல்ல. பூவும் பிஞ்சுமாக இருக்கும்போதே, ஈரத்தில் தோலுக்குள் புகுந்து சும்மா கிடக்கும். காய்த்தோலில் உள்ள எதிர்ப்புப் பொருள் பழுக்கப் பழுக்கக் குறையும், அப்போது கிளம்பும். ப்ளீச்சிங் பவுடர் தண்ணீரில் கழுவினால் மேலே ஒட்டிய பூஞ்சை வித்துதான் சாகும், உள்ளே இருப்பது சாகாது. சூடு அங்கேயும் போகும்.

பறித்த அன்றே செய்யுங்கள், தப்பினால் மறுநாள். 200 லிட்டர் டிரம்மில் 150 லிட்டர் தண்ணீர் ஊற்றி, அடியில் செங்கல்லும் அதன்மேல் கம்பி வலையும் வையுங்கள்; காய் அடித்தகட்டில் பட்டால் வெந்துவிடும். 53 டிகிரி செல்சியஸ் வந்ததும் 25 கிலோ காயை வலைப்பையில் இறக்குங்கள். காய் இறங்கியதும் சூடு குறையும், தீயைக் கூட்டி 52-லேயே 10 நிமிடம் நிறுத்துங்கள். தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கையை விட்டுப் பார்த்துச் சொல்கிற சூடு இதற்கு உதவாது, தெர்மாமீட்டர் வாங்கிவிடுங்கள். 50-க்குக் கீழே போனால் பலன் குறையும். 55-ஐத் தாண்டினால் தோல் வெந்து பழுப்பேறும். தண்ணீரில் மிதக்கிற காய் முதிராதது, அது சூடும் தாங்காது; முன்பே பச்சைத் தண்ணீரில் போட்டுப் பார்த்து ஒதுக்குங்கள். எடுத்ததும் சுத்தமான தண்ணீரில் ஆறவிட்டு, நிழலில் ஈரம் போக உலர்த்தி, பிறகு கிரேட்டில் அடுக்குங்கள்.

காம்படியிலிருந்து கறுத்து இறங்கினால் அது காம்பழுகல். அதற்கு வெந்நீர் அவ்வளவாகக் கேட்காது. 8 முதல் 10 செ.மீ. காம்போடு பறித்து, நிழலில் 1 செ.மீ. விட்டு நறுக்கி, பால் வடியத் தலைகீழாகச் சில மணி நேரம் வையுங்கள். உலுக்கிக் கொட்டிய காயைத் தனியே விற்றுவிடுங்கள்.

அடுத்த பருவத்துக்கு, அறுவடை முடிந்ததும் காய்ந்த குச்சிகளை வெட்டி எரித்துவிடுங்கள். பூங்கொத்திலும் பிஞ்சிலும் சூடோமோனாஸ் (பூஞ்சையை அடக்கும் நன்மை பாக்டீரியா) லிட்டருக்கு 5 கிராம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை தெளிக்க வேண்டும். கிடைக்குமிடத்தை விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.