காரைக்குடிப் பக்கம் சுரங்கத் தொழிலாளர் ஊர் என்று ஏதாவது இருந்ததா?

இருந்தது. நீங்கள் வெளியூர்க்காரராக இருக்க வேண்டும். செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் என்றாலே பர்மா தேக்கு, இத்தாலி சலவைக்கல், முட்டை வெள்ளைக்கருப் பூச்சு என்று அடுக்குகிறவர்களிடம் மாட்டியிருப்பீர்கள். அடுத்த முறை இங்குள்ள பழைய ஊருணிகளின் படிக்கட்டைக் குனிந்து பாருங்கள். துளைதுளையாக, துருப்பிடித்த நிறத்தில் இருப்பது செம்புராங்கல். அது கப்பலில் வரவில்லை. எங்கள் ஊர்ப் பொட்டலில் என் ஐயாவும் அவருடைய பங்காளிகளும் வெட்டி எடுத்தது.

உடனே ஒருவர் "அது குவாரி, சுரங்கமில்லை" என்று கிளம்புவார். 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தைப் புரட்டட்டும். கனிமத்துக்காகத் திறந்தவெளியில் தோண்டும் குழியும் அதில் சுரங்கம்தான். சிவகங்கையில் அரசு நிறுவனம் கிராபைட் எடுப்பதும் திறந்த குழியில்தானே?

மண்ணுக்குள் ஈரத்தோடு இருக்கும்வரை இந்தக் கல் இளக்கமாக இருக்கும். வெட்டிப் போட்டால் வெயிலிலும் காற்றிலும் இறுகும். மேல்மண்ணை வழித்து, கயிறு பிடித்துக் கோடு போட்டு, நான்கு பக்கமும் குந்தாலியால் வெட்டி, அடியில் கடப்பாரை கொடுத்து நெம்புவார்கள். குறுக்கே உடைந்த கல்லுக்குக் கூலி கிடையாது. மழை பெய்தால் கிடங்கு, அதாவது கல் வெட்டிய பள்ளம், நிரம்பிவிடும் என்பதால் கோடை முழுக்க வேலை. கல்லைத் தலையில் சுமந்து மேலேற்றியது அப்பத்தா. கூலி எண்ணப்பட்டது ஐயாவின் கையில். எவ்வளவு வெளுத்தாலும் செம்மண் கறை போகாததால், அப்பத்தா வீட்டில் வெள்ளை வேட்டி வாங்குவதையே விட்டுவிட்டார்.

1930களின் பொருளாதார மந்தத்திலும், 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோதும், அங்கே வட்டித்தொழில் செய்த செட்டியார்கள் சொத்தை இழந்ததைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். வீடு கட்டுவது நின்றபோது கல் வெட்டியவன் என்ன ஆனான் என்று எவரும் எழுதவில்லை. எங்கள் ஆட்கள் தஞ்சாவூர்ப் பக்கம் அறுப்புக்குப் போனார்கள். சிலர் திரும்பவே இல்லை. மிச்சமிருந்த வேலையைச் செங்கல்லும் சிமெண்டும் எடுத்துக்கொண்டன.

செட்டியார்களைக் குறை சொல்கிறேன் என்று சண்டைக்கு வர வேண்டாம். அவர்கள் வெட்டிய ஊருணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன் நான். ஆனால் டிக்கெட் வாங்கி ஒரு பெரிய வீட்டுக்குள் போனபோது, தேக்குத் தூணைத் தட்டித்தட்டிக் காட்டிய வழிகாட்டிப் பையன், நான் சுற்றுச்சுவரைக் காட்டிக் கேட்டதும் "அது சும்மா உள்ளூர்க் கல் சார்" என்று நகர்ந்தான். 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பிடித்த செட்டிநாட்டில் இதுதான் நிலைமை.

கிடங்குகளைப் பார்க்க வருவதானால் சொந்த வண்டியில் வாருங்கள். ஊருக்குள் வந்துகொண்டிருந்த டவுன் பஸ்ஸை விலக்கு ரோட்டோடு திருப்பிவிடுகிறார்கள். மனு கொடுத்தால், ஏற ஆளில்லையாம். வராத பஸ்ஸில் எப்படி ஏறுவது?