பதில்: அமிலத்தில் போட்டதும் குழாய் சிவப்பாகி உடைகிறது

உள்ளீடற்ற ஜிங்க் செலினைடு குழாய்கள் செய்ய, ஜிங்க் ஆக்சைடு குச்சிகளைச் செலினைடு (செலினியத்தின் எதிர்மின் அயனி) கரைசலில் ஊறவைத்து மேற்பரப்பைச் செலினைடாக மாற்றி, பிறகு உள்ளே மிஞ்சிய ஆக்சைடை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கரைத்தபோது குழாய்கள் நொறுங்கிச் சிவப்புப் படிவு வந்ததாக எழுதியிருந்தீர்கள். அமிலத்தை முதலில் ஓரமாக வையுங்கள். அது ஆக்சைடோடு நிற்காது, ஜிங்க் செலினைடு சுவரையும் அரிக்கும். அப்போது வெளிவரும் ஹைட்ரஜன் செலினைடு கடுமையான நச்சுவாயு. இதுவரை செய்ததெல்லாம் புகைக்கூண்டுக்குள்தான் (நச்சுவாயுவை வெளியே இழுக்கும் ஆய்வகப் பெட்டி) என்று நம்புகிறேன்!

அதற்குப் பதில் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு போதும். ஆக்சைடு ஜிங்கேட்டாக (நீரில் கரையும் துத்தநாகச் சேர்மம்) கரைந்துபோகும், செலினைடு பெரும்பாலும் அப்படியே நிற்கும்.

சிவப்புப் படிவு தனிமச் செலினியம். காற்று பட்டால் செலினைடு அயனி இப்படித்தான் ஆக்சிஜனேற்றம் அடையும். செலினைடு கரைசல் தயாரிக்கச் செலினியம் தூளையும் அதை ஒடுக்கும் சோடியம் போரோஹைட்ரைடையும் 1:2 மோல் விகிதத்தில் சேர்க்கிறீர்கள் என்றால், நீரில் முன்கூட்டியே நைட்ரஜனைக் குமிழவிட்டு ஆக்சிஜனை விரட்டுங்கள். கரைசல் நிறமற்றதாக இருக்க வேண்டும். செம்பழுப்பு எட்டிப்பார்த்தால் பாலிசெலினைடு (செலினியம் அணுக்கள் சங்கிலியாகச் சேர்ந்த அயனி) உருவாகிவிட்டது, கொட்டிவிட்டுப் புதிதாகத் தயாரிப்பதே நல்லது. (கொட்டுவது செலினியக் கழிவுக் கலனில்தான், கழுவுதொட்டியில் அல்ல.)

அப்புறம், உலர்த்தும் விதம். நீர் ஆவியாகும்போது அதன் பரப்பு இழுவிசை மெல்லிய சுவர்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துச் சரித்துவிடும். கடைசியில் எத்தனாலில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டு உலரவிடுங்கள். அதற்கும் சரிந்தால் சுவர் மெலிவு என்று அர்த்தம், செலினைடு கரைசலில் ஊறும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள்.