வாசகர் கேள்வி: ஏர், கலப்பை, விதைப்பு

கேள்வி: விதைக்கிற மெஷினை முதல்ல கண்டுபிடிச்சது இங்கிலாந்துக்காரர் ஜெத்ரோ டல்னு பையன் புக்ல இருக்கு. நிஜமா? (ஒரு வாசகர், திண்டிவனம்)

பதில்: இங்கிலாந்துக்கு அவர்தான்னு சொல்லலாம், உலகத்துக்குன்னு சொன்னா தப்பு. 1701 வாக்குல டல் செஞ்ச கருவி குதிரை இழுத்துட்டுப் போறப்பவே சால் கிழிச்சு, விதையை அளவா இறக்கி, மண்ணையும் மூடிடும், விதை இறங்குற அமைப்புக்கு ஐடியா சர்ச் ஆர்கன் வாத்தியத்துல இருந்து வந்துச்சாம். வரிசையா முளைச்சதால நடுவுல குதிரையை விட்டே களை வெட்ட முடிஞ்சுது. இதையெல்லாம் 1731ல புத்தகமாவே போட்டார். ஆனா செடி பொடி மண்ணையே சாப்பிட்டு வளருதுன்னு நம்பினார், அதனால உழுது உழுது மண்ணைத் தூளாக்கினா போதும் எரு தேவையில்லைன்னுட்டார்! காரணம் தப்பு. ஆனா களை போனதும் பயிர் நல்லா வந்துச்சு, அதைப் பார்த்து அவர் நம்பிக்கை இன்னும் கெட்டியாயிடுச்சு, பரிசோதனை செய்யறவங்க எல்லாரும் இந்த இடத்தை நல்லா கவனிக்கணும்.

இன்னொண்ணு, 1795ல தாமஸ் ஹால்காட்னு ஒரு ஆங்கிலேய கேப்டன் தென்னிந்தியாவுல நம்ம விவசாயிங்க வரிசையா விதைக்கிற கருவியைப் பார்த்துட்டு, இது ஐரோப்பாவோட புதுக் கண்டுபிடிப்புன்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்னு எழுதியிருக்கார். நம்ம மானாவாரிக்காரங்க கொர்ருன்னு சொல்றதும் இந்த வகைதான், மேல மரக்கிண்ணம் கீழ மூங்கில் குழாய், பின்னாடியே நடந்து கையால விதை போடுவாங்க. சீனாவுல இதுக்கும் ரொம்ப முன்னாடி, ஹான் அரசர்கள் காலத்துலயே இருந்துச்சு. பையன்கிட்ட இதையும் சொல்லுங்க.

கேள்வி: சைதாப்பேட்டையில விவசாயப் பண்ணை இருந்துச்சா? (ஒரு வாசகி, சென்னை)

பதில்: ஆமாங்க, 1860கள்ல கவர்னர் டெனிசன் காலத்துல ஆரம்பிச்சது, நீராவிக் கலப்பை வரைக்கும் சீமையில இருந்து வரவழைச்சாங்க. அங்க இருந்த விவசாயப் பள்ளிதான் 1906ல கோயம்புத்தூருக்குப் போச்சு, இன்னைக்கு இருக்குற வேளாண் பல்கலைக்கழகத்துக்கு வேர் அதுதான். ஆனா சீமைக் கலப்பையை நம்ம ஆளுங்க பெருசா எடுத்துக்கல. சின்ன மாடு கனமான இரும்பை இழுக்கணும், விலையும் ஜாஸ்தி, உடைஞ்சா ஊர் ஆசாரி கையில சரியாகாது, மரக்கலப்பைன்னா தோள்ல போட்டுட்டு வயலுக்குப் போயிடலாம். பழமைல ஊறிப்போனவங்கன்னு அப்பவே திட்டினவங்க உண்டு, எனக்கு அது நியாயமாப் படல. இங்க வந்து ஆராய்ஞ்ச வோல்க்கர்ங்கிற விவசாய ரசாயன நிபுணர் 1893 அறிக்கையில, நல்லா விவசாயம் பண்ற இந்திய விவசாயி சராசரி பிரிட்டிஷ் விவசாயிக்குக் குறைஞ்சவர் இல்ல, சில விஷயத்துல அவரைவிட மேலன்னே எழுதிட்டார்.