தோல் பரிசோதனையில் தடிப்பு வரவில்லை, ஆனாலும் இளைப்பு

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. சளி பிடித்தால் போதும், இரவெல்லாம் இளைப்பு. ஆஸ்துமா என்று 2 ஆண்டுகளாக இன்ஹேலர் கொடுக்கிறோம். தோலில் குத்திப் பார்க்கும் ஒவ்வாமைப் பரிசோதனையில் எதற்குமே தடிப்பு வரவில்லை. ரத்தத்தில் ஐஜிஇ என்னும் ஒவ்வாமை எதிர்ப்புரதத்தின் அளவும் இயல்பாக இருக்கிறது. "அலர்ஜி இல்லையென்றால் ஆஸ்துமாவும் இல்லை, மருந்தை நிறுத்து" என்கிறார்கள் உறவினர்கள். நிறுத்தலாமா?
— ஒரு தாய்

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

பயிற்சிக் காலத்தில் ஒரே வாரத்தில் இரண்டு குழந்தைகளின் சளியை நுண்ணோக்கியில் பார்த்தேன். இருவருக்கும் ஒரே மாதிரி இளைப்பு. முதல் கண்ணாடித் தகட்டில், ஆரஞ்சுச் சிவப்பில் மணிமணியாகத் துகள்கள் நிறைந்த செல்கள். அவை ஈசினோபில்கள் என்னும் வெள்ளணுக்கள், ஈசின் என்ற சாயத்தை ஆவலோடு உறிஞ்சுவதைக் கண்டு ஜெர்மானிய விஞ்ஞானி பால் எர்லிக் 1879இல் வைத்த பெயர் அது. இரண்டாவது தகட்டில் அவற்றைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. அங்கே கூடியிருந்தவை, உட்கரு மூன்று நான்கு கண்ணிகளாகப் பிரிந்த நியூட்ரோபில்கள் என்னும் வேறொரு வகை வெள்ளணுக்கள். நோயின் பெயர் ஒன்று, உள்ளே திரண்ட படை வேறு என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

முதல் வகையில், அதாவது ஈசினோபில்கள் திரளும் ஒவ்வாமை ஆஸ்துமாவில், தூசிப் பூச்சி போன்ற தீங்கற்ற ஒன்றை உடல் எதிரியாகக் கருதிவிடுகிறது. டிஹெச்2 என்னும் நோயெதிர்ப்பு டி செல்கள் கொடுக்கும் சமிக்ஞையால், எதிர்ப்புரதம் செய்யும் பி செல்கள் ஐஜிஇயைத் தயாரிக்கின்றன. அது, தோலிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். தூசி மீண்டும் வந்ததும் அந்தச் செல்கள் ஹிஸ்டமின் என்னும் வீக்கமூட்டும் வேதிப்பொருளைக் கொட்டும். தோலில் குத்தியதும் 15 நிமிடத்தில் எழும் தடிப்பும் இதே வேலைதான்.

பரிசோதனைகளின்படி உங்கள் மகனுக்கு அந்த வழி திறந்ததாகத் தெரியவில்லை. சளிக் கிருமிகள், பெரும்பாலும் ரைனோ வைரஸ், மூச்சுக்குழாயின் உட்சுவரைக் காயப்படுத்துகின்றன. காயம்பட்ட சுவர் தானே அபாயக் குரல் எழுப்பி நியூட்ரோபில்களை வரவழைக்கிறது. சில குழந்தைகளிடம் ஐஎல்சி2 என்னும் நோயெதிர்ப்புச் செல்கள் அந்தக் குரலைக் கேட்டு, ஐஜிஇயின் தயவே இல்லாமல் ஈசினோபில்களையும் அழைத்துவிடுகின்றன. ஆகவே, ஒவ்வாமை இல்லையென்றால் ஈசினோபிலும் இருக்காது என்று எண்ணிவிட வேண்டாம். இரண்டு வகைக்கும் நடுவே கோடு கிழிப்பது எளிதல்ல. குழந்தைகளிடம் இன்னும் கடினம்.

இந்த வேறுபாட்டை நான் வற்புறுத்தக் காரணம் மருந்துதான். இன்ஹேலர் ஸ்டீராய்டு ஈசினோபில்களை நன்றாக அடக்கும்; நியூட்ரோபில்களிடம் அதன் பிடி தளர்வு. அதனால் ரத்தத்தில் ஈசினோபில் எண்ணிக்கையைப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் நாட்களில் எடுத்தால் எண்ணிக்கை குறைந்து காட்டும், அப்போது வேண்டாம். தோல் பரிசோதனைக்கு முந்தைய நாட்களில் சளிக்கான சிரப் ஏதாவது கொடுத்தீர்களா என்பதையும் நினைவுபடுத்திச் சொல்லுங்கள். ஹிஸ்டமினைத் தடுக்கும் ஆன்டிஹிஸ்டமின் கலந்த சிரப் தடிப்பை எழவிடாது. இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் "அலர்ஜி இல்லை" என்று எழுதிக் கொடுப்பதை என்னால் ஏற்க முடிவதில்லை. சரியாகச் செய்த பரிசோதனையானாலும், வயது ஏறும்போது புதிதாக ஒவ்வாமை வரலாம். சில ஆண்டுகள் கழித்து மறுபடி பார்ப்பது நல்லது.

பேசும்போது வாக்கியம் முடிக்க முடியாமல் திணறினாலோ, விலா எலும்புகளுக்கிடையே தசை உள்வாங்கினாலோ, எந்த வகை என்று யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.